வால்நட்டை நட்டது யார்

31-ஆம் பிளாக், இரண்டாம் வாசல்
மார்ச் 2

அன்புள்ள நேதா மதினிக்கு வேல்கா எழுதுவது.

நானும் உங்கள் தம்பி ரூமெனும் சுகம். அவர் என்னைவிட ஒரு பங்கு கூடவே சுகம். நேற்று புளித்த முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் ஒரு சட்டி, ஒரே உட்காரலில். உங்கள் முழங்கால் எப்படி? நீங்கள் பார்த்துக்கொள்ளும் இத்தாலிக்கார அம்மாவின் இருமல் நின்றதா? அந்த மலைவீட்டில் போன் சரியாகக் கேட்பதில்லை என்பதால் பஸ் டிரைவர் சாவா கையில் இந்தக் கடிதத்தையும் குடைமிளகாய்த் தொக்கு இரண்டு ஜாடியும் கொடுத்தனுப்புகிறேன். மூடியில் எண்ணெய் தடவியிருக்கிறேன். அவன் வழியில் திறந்திருந்தால் விரல் பதிந்திருக்கும், பாருங்கள்.

மார்ச் முதல் தேதிச் சிவப்பு வெள்ளை நூல் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று கையில் கட்டிக்கொள்ள. மற்றது நீங்கள் ஸ்வெட்டருக்குக் கேட்ட அளவு: முதல் முடிச்சுவரை என் கழுத்து, இரண்டாவது முடிச்சுவரை என் கை, மொத்த நூலும் என் சுற்றளவு. மொத்தத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பேக்கரியில் வேலை பார்ப்பவள் பட்டினியாகவா இருப்பாள்?

செய்தி என்னவென்றால், நமக்கும் 33-ஆம் பிளாக்குக்கும் நடுவில் நாய்கள் கால் தூக்குமே, அந்தக் காலியிடத்தைக் கார் நிறுத்தமாக்க நகராட்சியில் பேச்சு. மருந்துக்கடை இவைலா நினைவிருக்கிறாளா, ஒல்லியாய், கண்ணாடி போட்டவள்? அவள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டு ஒரு தவணை வாங்கி வந்திருக்கிறாள். புல்லை வெட்டாமல் விட வேண்டும். பூச்சி, பறவை, முள்ளெலி எல்லாம் வர வேண்டும். நகராட்சி பன்னிரண்டு கன்று கொடுக்கும். அக்டோபரில் ஆள் வந்து பார்ப்பார். பன்னிரண்டும் உயிரோடு நின்றால் இடம் புல்லுக்கு. ஒன்று பட்டுப்போனாலும் தார் ஊற்றிவிடுவார்கள்.

நானும் சேர்ந்துவிட்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பூச்சி எண்ணுகிற வேலை எதற்கு என்று கேட்பீர்கள். முப்பது வருஷமாய் அந்த ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவுகிறேன். பார்க்க ஏதாவது வேண்டாமா? பின்னால் திரும்பினால் உங்கள் தம்பிதான் இருக்கிறார். அவரோ கார் நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டவர். ஒரே மேஜையில் அவர் அந்தத் தாளில் போட்டார், நான் இந்தத் தாளில் போட்டேன். பேனா ஒன்றுதான். பிடுங்க வேண்டியிருந்தது.

உங்கள் பிரார்த்தனையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாய் அவரை.

உங்கள் வேல்கா


மார்ச் 20

வேல்காவுக்கு நேதாவின் ஆசீர்வாதம்.

நீங்கள் இருவரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. என் முழங்கால் மழையை ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. சின்யோராவுக்கு இருமல் நின்று விக்கல் வந்திருக்கிறது. சாவா ஜாடியைத் திறக்கவில்லை. எண்ணெய்தான் என் பை முழுக்க.

நாலு வருஷத்துக்கு முன் உனக்குப் பின்னிய ஸ்வெட்டரின் அளவை எழுதி வைத்திருக்கிறேன். கை அதே. சுற்றளவு இரண்டு விரல் கூடியிருக்கிறது, அது போகட்டும். கழுத்து அப்போது முப்பத்தைந்து சென்டிமீட்டர். நீ அனுப்பிய நூலில் முப்பத்தொன்பது. துண்டு கட்டிய கழுத்தில் அளந்தாயா? மறுபடி அளந்து அனுப்பு.

களையை வளர்க்கப் பத்துப் பேர் கூடுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நம் அப்பா அதைப் பிடுங்கியே முதுகு வளைந்தார்.

ரூமெனைக் கொழுப்பு குறைத்துச் சாப்பிடச் சொல்.

நேதா


ஏப்ரல் 6

அன்புள்ள மதினிக்கு,

இங்கே எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். சின்யோராவின் விக்கலுக்குப் பின்னால் போய் ஒரு அதட்டுப் போடுங்கள். நின்றுவிடும், விக்கலாவது.

போன சனிக்கிழமை நடவு. நகராட்சி வண்டி கன்றுகளைக் கொட்டிவிட்டுப் போயிற்று. முள்ரோஜா, ஹேசல், காட்டுப்பிளம், எல்டர் எனப் பதினொன்று. எல்லாம் புதர் வகை. பன்னிரண்டாவதைப் பார்த்ததும் இவைலாவின் முகம் செத்துவிட்டது. வால்நட். பட்டியலில் அது இல்லை. யாரோ மாற்றி ஏற்றிவிட்டார்கள். போன் பண்ணினாள். சீட்டில் பன்னிரண்டு என்று இருக்கிறது, பன்னிரண்டு வந்ததா இல்லையா என்று கேட்டார்களாம்.

பதினொன்றை ஒரு மணி நேரத்தில் நட்டோம். வால்நட் மட்டும் வாளியில் நின்றது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம், சாவு வீட்டில் நிற்கிற மாதிரி. குழி தயாராய் இருந்தது.

பெஞ்சில் இருந்த கிழவி ஸ்தாய்காதான் வாயைத் திறந்தாள். "நட்டவன் கழுத்துப் பருமனுக்கு அடிமரம் வந்த அன்னிக்கு நட்டவன் போயிடுவான். எனக்குப் பேத்தி கல்யாணம் இருக்கு, என்னைப் பார்க்காதீங்க."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. எங்கள் வாசல் குடியிருப்போர் தலைவர் தோப்ரிக்கு அந்த நிமிஷமே இடுப்புப் பிடித்துக்கொண்டது. 33-ஆம் பிளாக் எலெக்ட்ரீஷியன் தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றான், நாங்கள் பார்த்ததே இல்லை போல. இவைலா படித்தவள் இல்லையா, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். அப்புறம் அவள் அம்மா போனில் கூப்பிட்டாளாம். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

உங்கள் தம்பி பால்கனியில் நின்று பீர் குடித்துக்கொண்டே, "கார் நிறுத்த விட்டிருந்தா யாரும் சாக வேண்டியதில்ல" என்றார்.

வால்நட் வாளியிலேயே இருக்கிறது. தினம் யாராவது தண்ணீர் மட்டும் ஊற்றுகிறோம். தண்ணீர் ஊற்றினால் எதுவும் ஆகாதாம்; ஸ்தாய்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஈஸ்டருக்கு முட்டைச் சாயம் அனுப்புகிறேன். அந்த ஊர்ச் சிவப்பு சிவப்பா?

வேல்கா


ஏப்ரல் 14

வேல்காவுக்கு,

இருவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நானும் சின்யோராவும் முன்போலவே.

அந்தக் கன்றைத் திருப்பி அனுப்பச் சொல். எங்கள் பெரிய மாமா நாற்பது வயதில் தைரியம் காட்டி ஒன்று நட்டார். அறுபத்தொன்றில் போனார். அடக்கத்துக்கு வந்த பாதிரியார் கயிறு வாங்கி அடிமரத்தை அளந்தார். மாமாவின் காலரையும் அளந்தார். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அதைத் தொடாதே.

கழுத்து அளவு வரவில்லை. ஸ்வெட்டரைக் கீழிருந்து பின்னத் தொடங்கிவிட்டேன்.

நேதா


ஏப்ரல் 28

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், மதினி.

நாங்கள் சுகம். ஈஸ்டர் முட்டையை மோதவிடுகிற போட்டியில் உங்கள் தம்பியின் முட்டை இந்த வருஷமும் எல்லோர் முட்டையையும் உடைத்தது. மரமுட்டைக்குச் சாயம் பூசி வைத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். உங்கள் முழங்காலுக்கு எருக்கட்டி மாதிரிக் கருப்பாய் ஒரு களிம்பு சாவாவிடம் கொடுத்திருக்கிறேன். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்நட்டை நட்டாகிவிட்டது.

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் இரண்டு பிளாக்கிலும் ஒரு ஆள் வெளியே இல்லை. எல்லோரும் ஆட்டுக்கறியோடு உள்ளே. நாலு மணிக்கு ஸ்தாய்கா பெஞ்சுக்கு வந்தால் வாளி காலி. கன்று குழியில் நிற்கிறது. மண் மிதித்து, சுற்றிப் பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, முட்டுக்குச்சியில் மார்ச் நூலால் கட்டியிருக்கிறது. ஒழுங்கான வேலை. ஆள்தான் இல்லை.

இரண்டு வாரமாய் இந்த இரண்டு பிளாக்கிலும் யாரும் யாரையும் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. கழுத்தைப் பார்க்கிறார்கள். எலெக்ட்ரீஷியன் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு அலைகிறான். தோப்ரிக்குத் தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருப்பதால் அவரை விட்டுவிட்டோம். அவர் கழுத்துக்கு மரம் எங்கே வருவது? தாடைக்குத்தான் வரும்.

என்னிடமும் கேட்டார்கள். நான் அன்று உங்கள் தம்பிக்கு மூன்றாவது தட்டு போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

புல் முழங்கால் உயரம். போன வாரம் இவைலா ஒரு வண்டைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் மண்டி போட்டிருந்தாள். கோயிலில்கூட அவள் அப்படி நின்றதில்லை என்கிறாள் அவள் அம்மா.

உங்களைக் கும்பிட்டு,
வேல்கா


ஜூன் 25

அன்புள்ள மதினிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. களிம்பின் நாற்றம்தான் காரணம் என்றால் சொல்லிவிடுங்கள். நாங்கள் சுகமே. வெயில் தலையைப் பிளக்கிறது. பேக்கரியில் அடுப்பு ஒரு பக்கம், பின்வாசல் காற்று ஒரு பக்கம். அந்தக் காற்று பட்டு எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. துண்டைச் சுற்றிக்கொண்டு திரிகிறேன். இந்த வெயிலில் துண்டா என்று கேட்டார்கள். ஊதைக்காற்று என்றதும் பேசாமல் போய்விட்டார்கள். நம் ஊரில் ஊதைக்காற்றுக்கு எதிர்வாதம் ஏது.

ஒரு சாவு நடந்தது. தோப்ரி தன் புல்வெட்டும் மெஷினை மூன்று மாதம் சும்மா வைத்திருந்து கை அரித்துப்போய், ஓரத்தை மட்டும் என்று ஆரம்பித்தார். ஓரத்தில் முள்ளெலி படுத்திருந்தது. இவைலா அழுதாள். நான் அழவில்லை. நேரே இரங்கல் தாள் அச்சடிக்கிற கடைக்குப் போனேன். கருப்புக் கட்டம், சிலுவை, நடுவில் இவைலா எடுத்த முள்ளெலிப் படம். "31-ஆம் பிளாக் வேலியோரத்தில் வசித்த எங்கள் அன்பான அண்டை வீட்டார், தோப்ரி அவர்களின் மெஷினால் எதிர்பாராமல் எங்களைப் பிரிந்தார். ஆழ்ந்த துயரில், இரண்டு பிளாக்குகள்." கடைக்காரப் பெண் நிமிர்ந்தே பார்க்காமல் எத்தனை தாள் என்றாள். எல்லா வாசல் கதவிலும் ஒட்டினேன். ஸ்தாய்கா கண்ணாடி போடாமல் வந்து சிலுவைக்குறி இட்டு, மெழுகுவத்தி ஏற்றி, "எந்த மாடி?" என்று கேட்டாள்.

தோப்ரி மூன்று நாள் வெளியே வரவில்லை. நாலாம் நாள் மெஷினைப் பேஸ்மென்டில் பூட்டிச் சாவியை இவைலாவிடம் கொடுத்துவிட்டார். இப்போது பிராயச்சித்தமாய் எங்களைவிட அதிகம் பாடுபடுகிறார். மைத்துனர் பட்டியிலிருந்து மூட்டை மூட்டையாய் ஆட்டெரு கொண்டுவருகிறார்.

நேற்று யேன்யோ நாள். வழக்கம்போல் பெண்கள் சூரியன் வருமுன் மூலிகை பறிக்க எழுந்தோம். ஆனால் இந்த வருஷம் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. நம் இடத்திலேயே. இவைலா நோட்டோடு நின்றாள். நாங்கள் ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லச் சொல்ல எழுதினாள். அறுபத்தொரு செடி. நாய் கால் தூக்கின இடத்தில் அறுபத்தொன்று. அவளுக்குப் படிப்பில் தெரிந்தது முப்பதுதானாம்.

மனிதனுக்கு வியாதி எழுபத்தேழரை என்பார்களே. எழுபத்தேழுக்கும் மூலிகை உண்டு, அந்த அரைக்குத்தான் யாருக்கும் தெரியாது. அதைத்தான் ஸ்தாய்காவிடம் கேட்டேன், அந்த அரை எது என்று. "உன் வாய்" என்றாள்.

சின்யோராவுக்கு என் வணக்கம்.

வேல்கா


ஜூலை 9

வேல்கா,

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகம் என்றுதான் எழுதுவாய்.

சின்யோரா தூங்குகிற நேரத்தில் உன் கடிதங்களை வரிசையாய் வைத்து மறுபடி படித்தேன். மார்ச்சில் உன் கழுத்து நாலு சென்டிமீட்டர் கூடியிருந்தது. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் நீ முட்டையைப் பற்றியும் வாளியைப் பற்றியும் எழுதினாய். ஜூனில் துண்டு. முப்பது வருஷமாய் அந்த அடுப்புக்கும் பின்வாசலுக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு இந்த வருஷம்தான் ஊதைக்காற்று பட்டதா?

பூனை குறுக்கே போனால் பஸ்ஸில் ஏறாமல் திரும்புகிறவள் நீ. கன்றைக் கட்டியது மார்ச் நூல் என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சிலேயே எல்லோரும் அதைக் கழற்றிவிடுவார்கள்; ஏப்ரல் பாதிவரை வைத்திருக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.

வால்நட்டை நட்டது நீ. ஏன் என்று எழுது.

நேதா


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

எழுதிப் பழக்கமில்லை. உன் கடிதம் வந்தது. நான் சுகம். நீயும் சுகமாய் இரு.

அவளுக்கு உடம்பு சரியில்லையா என்று நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். ஆஸ்பத்திரிக் காகிதம் போன மாதம் கிடைத்தது. டயர் பம்ப்பைத் தேடினேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் காகிதம்தான் இருந்தது. ஏப்ரல் தேதி. தொண்டைச் சுரப்பியில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறது. அவள் போகவில்லை. படித்துவிட்டு அதே மடிப்பில் வைத்துவிட்டேன். அவளே சொல்லட்டும் என்று இருக்கிறேன். நீயும் நான் சொன்னதாய்ச் சொல்லாதே.

அவள்தான் நட்டாள் என்று ஈஸ்டர் அன்றே தெரியும். மண்வெட்டியைக் கழுவாமல் வைத்திருந்தாள்.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவள் பேக்கரிக்குப் போனபின் போய் அளக்கிறேன். ஒர்க்ஷாப் வெர்னியர். மே மாதம் ஒன்பது மில்லி. இப்போது பதினொன்றரை. வேகம் அதிகம். தோப்ரி எரு போட்டிருக்கிறான். அள்ளி அப்பால் போட்டேன். மறுபடி போட்டான். மறுபடி அள்ளினேன்.

தக்காளி நன்றாய் வந்திருக்கிறது.

ரூமென்


செப்டம்பர் 14

அன்புள்ள மதினிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. மிளகாய் சுடும் காலம், கை ஓயவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? மாட்டீர்கள். இருந்தாலும் நாற்பது கிலோ சுட்டோம் என்பது உண்மை. உங்கள் பங்கு நாலு ஜாடி இதோடு வருகிறது. உங்கள் முழங்கால் சுகமாயிருக்க வேண்டும்.

உங்களைப் போலீஸில் சேர்த்திருக்க வேண்டும். சரி, நான்தான்.

ஏப்ரலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பையன், கழுத்தை அழுத்தினான், படம் எடுத்தான், ஊசி குத்தினான். அப்புறம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மெதுவான குரலில், ஆபரேஷன் செய்தால் இத்தனை வருஷம், செய்யாவிட்டால் இத்தனை வருஷம் என்று விரலை மடக்க ஆரம்பித்தான். ஒரு கை விரலே போதுமாயிருந்தது அவனுக்கு. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாளியில் வால்நட் நிற்கிறது. எல்லோரும் அதைப் பார்த்து ஓடுகிறார்கள். நான் ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். கன்று சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. என் கழுத்து முப்பத்தொன்பது. அடிமரம் கழுத்தளவு வந்த அன்றுதான் போவேன் என்றால் அதற்கு முந்தின நாள்வரை போகமாட்டேன் என்றுதானே அர்த்தம்? இத்தனை தலைமுறையாய் இது யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் எட்டாவதுக்கு மேல் படித்தவர்கள்.

இவைலாவிடம் பொதுவாய்க் கேட்டு வைத்தேன். நல்ல மண்ணில் பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பருமன் வருமாம். நம் இடத்தில் கட்டட உடைசலும் சிமென்ட்டும்தான் மண்; இருபது ஆகும் என்றாள். எனக்கு ஐம்பத்துமூன்று. எழுபத்துமூன்று போதும் மதினி. டாக்டர் தந்ததைவிட மரம் தாராளமாய்த் தருகிறது. அதனால்தான் ஈஸ்டர் அன்று உங்கள் தம்பிக்கு மூன்றாவது தட்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போனேன். அவர் அதை முடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். எனக்குப் பத்து நிமிஷம் போதுமாயிருந்தது.

ஆபரேஷன் செய்தால் கழுத்து மெலிந்துவிடும். அதில் இரண்டு வருஷம் போய்விடுமே என்று பார்க்கிறேன். தவிர, அக்டோபருக்கு முன்னால் நான் படுத்தால் தண்ணீர் ஊற்றுவது யார்? ஒரு கன்று பட்டுப்போனாலும் தார். அந்தக் கன்று என்னுடையது என்றால் எனக்கும் தார்.

ரூமெனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். மிளகாய் வேலை முடியட்டும், சொல்கிறேன். பாவம், அவருக்குக் காரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

கோபிக்காதீர்கள்.

வேல்கா


அக்டோபர் 27

அன்புள்ள மதினிக்கு,

சுகம் என்றே எழுதுகிறேன், இந்த முறை பாதியாவது நம்பலாம். உங்களுக்கும் சின்யோராவுக்கும் என் அன்பு. பேச முடியாததால் நாள் முழுக்க எழுதித்தான் காட்டுகிறேன், அதனால் கையெழுத்து திருந்தியிருக்கும், பாருங்கள்.

உங்களுக்கு எழுதிப் பத்து நாள் கழிந்து, பேக்கரியிலிருந்து வந்தால் வாசலில் என் பெட்டி. என் செருப்பு, என் துவாலை, மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்த காகிதம், எல்லாம் அடுக்கியிருக்கிறது. உங்கள் தம்பி கார் சாவியோடு நிற்கிறார்.

"ஏறு. ஆஸ்பத்திரியில கட்டில் சொல்லியாச்சு."

"கன்னுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றேன்.

"நான் ஊத்துறேன். அளவா."

அந்த 'அளவா' என்பதற்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வெட்டினார்கள். அதே சின்னப் பையன்தான். கழுத்து மெலிந்தால் எனக்கு இரண்டு வருஷம் நஷ்டம் என்று மயக்க ஊசிக்கு முன்னால் அவனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, நர்ஸ் சிரித்தாள், அவள் அப்பா வீட்டிலும் வால்நட் இருக்கிறதாம். எடுத்த கட்டியைச் சோதனைக்குத் தலைநகர் சோபியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சீட்டு வர வேண்டும். குரல் வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்கிறார்கள். ஸ்தாய்கா மெழுகுவத்தி ஏற்றினாள். அது வேண்டுதலா நன்றியா என்று கேட்க எனக்கு வாயில்லை. வீட்டில் இப்போது உங்கள் தம்பியின் பேச்சுத்தான் எடுபடுகிறது, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அவருக்கு என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை.

22-ஆம் தேதி நகராட்சி ஆள் வந்தார். கழுத்தில் கட்டோடு நானும் இறங்கிப்போய் நின்றேன். இரண்டு பிளாக்கும் கூடியிருந்தது. அவர் கையில் பலகை, தாள், காதில் பேனா. இவைலா அறுபத்தொரு செடியையும் ஒப்பித்தாள். வண்டு, தேனீ, ஒரு குருவிக் கூடு, தோப்ரி கட்டிய முள்ளெலி வீடு எல்லாவற்றையும் காட்டினாள். முள்ளெலி வீட்டுக்கு வாசல் எண் போட்டிருக்கிறார் தோப்ரி. அந்த ஆள் ஒன்று இரண்டு என்று கன்றுகளை எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றும் செழிப்பு. பன்னிரண்டாவது முன் நின்றுவிட்டார்.

மற்றதெல்லாம் இடுப்புக்கு வந்திருக்க, வால்நட் மட்டும் நட்டபோது நின்ற மாதிரியே நிற்கிறது. இலை நாலு. சுற்றிலும் சரளைக்கல். அந்த ஆள் குனிந்து நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை. உயிர் இருக்கிறது, ஆனால் நோஞ்சானாய் இருக்கிறதே, எரு எங்கே என்றார். தோப்ரிக்கு அதுதான் வேண்டியிருந்தது. தான் ஐந்து தடவை போட்டதாகவும் ஐந்து தடவையும் எவனோ அள்ளிப்போனதாகவும் சொல்லி, எல்லோர் முகத்தையும் பார்த்தார். அந்த ஆள், ஒரு மூட்டை எரு போடுங்கள், இரண்டே வருஷத்தில் ஆள் உயரம் வரும், யார் நட்டது இது என்று கேட்டார்.

ஏப்ரலிலிருந்து இரண்டு பிளாக்கும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. எனக்கோ குரல் இல்லை. இருந்திருந்தால் ஸ்தாய்காவைக் கைகாட்டியிருப்பேன்.

உங்கள் தம்பி கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தார். கார் நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்ட மனுஷன். சட்டைப்பையில் ஒர்க்ஷாப்பில் பருமன் அளக்கிற இரும்பு அளவுகோல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

"என் பெண்டாட்டி நட்டது. எருவெல்லாம் வேணாங்க. மெதுவா வளரட்டும். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அந்த ஆளும் நம் நாட்டுக்காரர்தானே. மரத்தைப் பார்த்தார். என் கழுத்துக் கட்டைப் பார்த்தார். தாளில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சரளைக்கல்லைக் காலால் ஒழுங்குபடுத்திவிட்டுப் போனார்.

தோப்ரி உங்கள் தம்பியிடம், "முன்னாடியே சொல்லியிருந்தா நான் உப்புப் போட்டிருப்பேனே" என்றார். அது பட்டுப்போகும், மடையா என்றார் இவர். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். நான் மேலே போய் ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவினேன்.

பன்னிரண்டு மில்லி. இனி வசந்தம்வரை ஏறாதாம்.

வேல்கா


நவம்பர் 6

வேல்காவுக்கு நேதா எழுதுவது.

நான் நலம். சின்யோராவும் நலம்; உன் கடிதத்தை அவளுக்கு அவள் பாஷையில் சொன்னேன், இரண்டு தடவை கேட்டாள். சீட்டு வந்ததும் எது எழுதியிருந்தாலும் எனக்கு எழுது, முட்டையைப் பற்றி எழுதாதே.

ஸ்வெட்டர் முடிந்துவிட்டது, கழுத்தைத் தவிர. அதற்கு அளவு நீ அனுப்பவே இல்லை. கண்ணிகளை ஊசியிலேயே விட்டிருக்கிறேன். சின்யோராவின் மகளிடம் சொல்லிவிட்டேன். மார்ச் முதல் தேதிக்குள் சாவாவின் பஸ்ஸில் வருகிறேன். நானே அளந்து பின்னிக்கொள்கிறேன். நன்றாகச் சாப்பிடு. கழுத்துக்கும் சேர்த்துச் சாப்பிடு.

தம்பியிடம் சொல்: அள்ளிய ஆட்டெருவை மேட்டுப் பக்கம் கொட்டியிருந்தால் உடனே எடுத்துவிடச் சொல். மழை பெய்தால் வேருக்கு இறங்கிவிடும்.

நேதா